கூரை ஓரத்துப் பனிக்கட்டி அணை

மினியாபோலிஸில் வாழும் நம் சகோதரர்கள் 2022-23ஆம் ஆண்டுக் குளிர்காலத்தை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பருவத்தில் 90.3 அங்குலப் பனி பொழிந்தது. நகரின் பதிவேட்டில் அது மூன்றாவது இடம். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாயிலில் ஸலாமும் நலம் விசாரிப்பும் ஆனவுடன் எழுந்த அடுத்த கேள்வி, "உங்கள் வீட்டில் ஒழுகுகிறதா?" என்பதுதான்.

எங்கள் வீட்டில் ஒழுகியது. அந்நகரில் பரவலாகக் காணப்படும் பழைய ஒன்றரை மாடி வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. மேலறையின் சுவர் இடுப்பளவு எழுந்து, பிறகு கூரையோடு சாய்ந்துவிடும். அந்தச் சாய்வின் அடியில்தான் கீழக்கரையிலிருந்து வந்திருந்த உம்மாவின் கட்டில். தஹஜ்ஜுதுக்கு எழுந்தவர் தொழுகை விரிப்பில் ஈரத்தை உணர்ந்து, "மழையா வாப்பா?" என்று கேட்டார். கடுங்குளிரில் மழைக்கு ஏது வழி!

அது கூரைப் பனி உருகிய நீர். வீட்டினுள் மூட்டும் வெப்பம் மேற்தளத்தின் இடுக்குகள் வழியே கசிந்து கூரைப் பலகையைச் சூடாக்குகிறது. அடிப்பனி உருகிச் சரிந்து இறங்குகிறது. சுவரைத் தாண்டி நீண்டிருக்கும் கூரை ஓரத்துக்கு அடியில் வெப்பம் இல்லை. ஆகவே நீர் அங்கே வந்ததும் உறைந்து, நாளடைவில் ஓர் அணையாகிறது. அணைக்குப் பின்னே தேங்கும் நீர் ஷிங்கிள் ஓடுகளின் அடியில் புகுகிறது. வழிந்தோடும் நீரைத் தடுக்கவே அவ்வோடுகள் அடுக்கப்பட்டுள்ளன; தேங்கும் நீரை அவை தாங்கா. ஓரத்தில் ஈட்டி ஈட்டியாய்த் தொங்கும் பனிக்கட்டியை அழகென்று படமெடுப்போர் உண்டு. பெரும்பாலும் அது கசிவின் முன்னறிவிப்பு.

செய்தி பரவியதும் இளைஞர் இருவர் ஏணியும் கோடரியுமாக வந்து நின்றார்கள். அவர்களின் அன்புக்கு அல்லாஹ் நற்கூலி தருவானாக. ஆனால் ஏற நான் இசையவில்லை. பனி படிந்த கூரையில் கால் நிலைக்காது. கோடரி பனிக்கட்டியோடு ஓட்டையும் பிளக்கும். ஒழுகலை நிறுத்த ஓர் உயிரைப் பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

எதிர்வீட்டுச் சோமாலியச் சகோதரர் நீண்ட கைப்பிடியுள்ள பனிவாரியை இரவல் தந்தார். தரையில் நின்றபடியே, மின்கம்பிக்கு எட்டாமல், ஓரத்திலிருந்து நான்கடி வரை பனியை இழுத்துத் தள்ளினோம். நைலான் காலுறைகளில் கால்சியம் குளோரைடு நிரப்பி அணைக்குக் குறுக்கே வைத்தோம். அது அணையை அகற்றாது. நீர் வெளியேற வாய்க்கால் ஒன்று திறக்கும், அவ்வளவே. சமையல் உப்பை இட வேண்டாம். உலோகமும் செடியும் கெடும். எஞ்சியதை நீராவி கொண்டு உருக்கும் தொழிலாளரை அழைத்தோம். செலவு மிகுதிதான். எனினும் அதிவேகமாய் நீரைப் பீய்ச்சுவோரை நாடாதீர்கள். ஓட்டின் மணற்பூச்சு பெயர்ந்துவிடும்.

இவையெல்லாம் முதலுதவிகளே. கோடையில் ஆய்வாளர் ஒருவர் வாசலில் பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டுக் காற்றை வெளியே இழுத்துக் கசிவுகளைத் தேடினார். குளியலறை விசிறியின் குழாய் வெளியே செல்லாமல் பரணிலேயே முடிந்திருந்தது! முந்தைய உரிமையாளர் காலத்து வேலை. ஐவேளை உளூவும் ஆறு பேரின் குளியலும் எழுப்பிய வெந்நீராவி முழுவதும் கூரைக்கு அடியிலேயே சேர்ந்திருக்கிறது. முதலில் குழாயை வெளியே கொண்டுசென்று, பரண் கதவையும் மின்விளக்குத் துளைகளையும் அடைத்தார்கள். புகைபோக்கியைச் சுற்றித் தகடு வைத்தார்கள். அங்கே சாதாரண நுரை கூடாது, தீப்பிடிக்கும். அதன் பின்னரே செல்லுலோஸ் வெப்பக்காப்பை 14 அங்குலம் பரப்பினார்கள். இந்த வரிசை முக்கியம். இடுக்குகளை அடைக்காமல் மேலே பஞ்சைக் கொட்டினால் சூடான காற்று அதனூடே ஏறிவிடும். ஓரத்துக் காற்றுத் துளைகளையும் மூடிவிடாமல் பார்த்துக்கொண்டார்கள்; கூரையின் அடிப்புறம் குளிர்ந்திருக்க வெளிக்காற்று வேண்டும்.

அடுத்த குளிர்காலத்தில் பனி மிகக் குறைவு. செய்த வேலை சோதனைக்கே வரவில்லை. பின்னர் ஒரு பெரும்பனி பெய்த மறுநாள் வீதியில் நின்று பார்த்தேன். கூரையெங்கும் பனி சீராகப் படிந்திருந்தது, அல்ஹம்துலில்லாஹ். மாடிப்படிக்கு நேர் மேலே மட்டும் ஒரு முழ அகலத்துக்கு உருகியிருந்தது. சாய்வுக்குப் பின்னுள்ள குட்டைச் சுவரை இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. வரும் கோடையில், இன்ஷா அல்லாஹ், அந்த வேலை.