தானத்தில் வந்த மாடு

“தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே” என்பது நம்மவர் நாவில் வழங்கும் பழமொழி. கொடுத்தவர் மனம் நோகக் கூடாது என்ற நாகரிகத்தில் பிறந்த சொல் அது. மாட்டைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால், கணினியின் வழியாக ஓசியாய் நம் வீட்டுக்குள் நுழையும் பொருள்களுக்கு அந்த நாகரிகம் ஒத்துவராது என்பதை நான் விலை கொடுத்தே கற்றுக்கொண்டேன். அந்த விலை பணமன்று. என் அத்தாவின் கையெழுத்து.

திருப்பனந்தாள், காசித் திருமடத்தால் பேர்பெற்ற ஊர். மடத்தை நிறுவிய குமரகுருபரர் முகலாய ஆட்சியாளரைக் கண்டு பேசிக் காசியில் இடம் பெற்றார் என்பது இன்றும் சொல்லப்படும் வரலாறு. வடக்கே கொள்ளிடம், ஊரை ஒட்டி மண்ணியாறு, சுற்றிலும் நெல் வயல். இத்தகைய ஊரில் இருந்துகொண்டு உலகத்தை இலவசமாக அளந்துவிடலாம் என்ற பித்து 2000ஆம் ஆண்டையொட்டி எங்கள் சிலரைப் பிடித்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது 1995 ஆகஸ்டு 15இல். எங்கள் பக்கத்துக்கு அது வந்து சேரச் சில ஆண்டுகள் பிடித்தன. கும்பகோணத்து இணைய மையத்தில் மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்து, ‘இலவசம்’ என்று எழுதியிருந்த இடத்திலெல்லாம் கையை நீட்டினோம்.

என்னென்ன கண்டோம் தெரியுமா? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் ஒரு காபிக் குடுவை. வேறு அறைகளில் இருந்தவர்கள் படியேறி வந்து, குடுவை காலியாய்க் கிடக்கக் கண்டு ஏமாந்து திரும்பியதால், 1991இல் அதன் முன்னே ஒரு படக்கருவியை நிறுத்தினார்கள். 1993இல் அது உலகம் முழுவதும் பார்க்கும்படி வலையில் ஏறியது. டிகிரி காபிக்குப் பேர்போன கும்பகோணத்தில் உட்கார்ந்து, எவரோ குடிக்கப்போகும் காபியைக் காசு கொடுத்துப் பார்த்தவர்கள் நாங்கள்! 2001 ஆகஸ்டில் அந்தக் கருவியை நிறுத்தினார்கள். குடுவை 3,350 பவுனுக்கு ஏலம் போயிற்று. ஒன்றுக்கும் உதவாத அந்தக் காட்சியில் ஒரு மகிழ்ச்சி இருந்தது. அது எங்களிடம் எதையும் கேட்கவில்லை, எதையும் எடுத்துக்கொள்ளவுமில்லை.

கேட்கிறவை வேறு வகை. கணினி இதழ்களோடு வந்த குறுந்தகடுகளில் அவை நிறைந்திருந்தன. ‘முப்பது நாள் சோதித்துப் பாருங்கள்’ என்று அழைக்கும் மென்பொருள்கள் அவை. இந்த வழக்கத்தின் பிறப்பு நல்ல மனத்தில்தான் நிகழ்ந்தது. 1982இல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஃபுளூகல்மன் என்பவர் ‘பி.சி. டாக்’ என்ற மென்பொருளை எழுதி, “நண்பர்களுக்கும் படியெடுத்துக் கொடுங்கள், பயன்பட்டால் இருபத்தைந்து டாலர் அனுப்புங்கள்” என்று வெளியிட்டார். ஜிம் நாஃப் என்பவரும் அதே காலத்தில் அதே வழியில் நடந்தார். வாங்குபவரின் மனச்சான்றை நம்பிய வாணிபம் அது. அந்த நம்பிக்கையின் சாயலை ‘வின்ரார்’ என்னும் மென்பொருளில் பலர் கண்டிருப்பர். நாற்பது நாள் தவணை முடிந்த பிறகும் அது கதவைச் சாத்துவதில்லை, “வாங்கிக்கொள்ளக் கூடாதா?” என்று ஒவ்வொரு முறையும் பணிவோடு நினைவூட்டிவிட்டு வேலையைச் செய்துகொடுக்கும். எல்லாரும் அப்படி இருப்பார்களா?

என் அத்தா நெல் தரகர். 1958 முதல் 1984 வரை ஒரே தடித்த பேரேட்டில் எழுதிவந்தார். கொடுக்கல் வாங்கல் மட்டுமன்று; கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த நாள், குறுவை அறுவடை மழையில் சிக்கிய ஆண்டு, அறுபதுகளில் ஆடுதுறை 27 எங்கள் பக்க வயல்களில் இறங்கியபோது உழவர்கள் சொன்ன நிறைகுறை, எல்லாம் அதில் இருந்தன. கடைசிப் பக்கங்களில் ஒரு தனிக் கணக்கு. விதை நெல்லுக்கு வழியில்லாமல் வந்து நின்றவர்களுக்கு அவர் அளந்துகொடுத்த மரக்கால்களின் கணக்கு அது. பேர், அளவு, அதற்கெதிரே ‘விலை இல்லை’ என்ற இரண்டு சொற்கள்.

அதைக் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று 2003ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில் ஆசை பிறந்தது. என்னிடம் இருந்தது பழைய விண்டோஸ் 98 பொறி. ஒரு குறுந்தகட்டில் முப்பது நாள் தவணையோடு ஒரு தமிழ் மென்பொருள் கிடைத்தது. அதை ஆக்கியவர் பேர் இங்கே வேண்டாம். இரவுத் தொழுகை முடிந்து வந்து, சஹருக்கு எழும் வரையில் தட்டச்சு செய்தேன். பேரேட்டின் பெரும்பகுதி முடிந்தது. பெருநாளன்று மாலை, விருந்தினர் போன பிறகு எஞ்சிய பக்கங்களை முடிக்கலாம் என்று உட்கார்ந்தால், மென்பொருள் திறக்கவில்லை. கடனட்டை வழியாக டாலரில் பணம் கட்டச் சொல்லும் ஓர் அறிவிப்பு மட்டும் நின்றது. கடனட்டை என்பதை நான் கண்ணாலும் கண்டதில்லை. கோப்பை வேறு மென்பொருளில் திறந்தால், அத்தா எழுதிய தமிழ் ஒன்றும் இல்லை. ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் பொரி அள்ளி இறைத்தாற்போல் சிதறிக் கிடந்தன.

பேரேடு பரணில் பத்திரமாக இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன். 2005 இறுதியில் பெய்த பெருமழை அந்தத் தேறுதலையும் கரைத்துவிட்டது. ஓட்டு இடுக்கில் ஒழுகிய நீர் பரணில் இறங்கியிருந்தது. பேரேட்டை எடுத்து விரித்தபோது பேனா மை நீலக் கறையாய்ப் பரவி, தாளோடு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. இனி அத்தாவின் எழுத்து உலகில் ஒரே ஓரிடத்தில்தான்: நான் படிக்க முடியாத அந்தக் கோப்பில்.

ஏன் படிக்க முடியவில்லை? அந்நாளில் தமிழ் எழுத்துருக்களை ஆக்கியவர்கள் ஆளுக்கொரு குறிமுறையை வைத்திருந்தார்கள். ஒருவர் ‘அ’வுக்குக் கொடுத்த எண்ணை இன்னொருவர் ‘கு’வுக்குக் கொடுப்பார். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 1999இல் சென்னையில் ‘தமிழ்நெட்99’ மாநாடு கூடி, குறிமுறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் வகுத்தது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தும், விண்டோஸ் 2000 வெளிவந்த பிறகே அது மேசைக் கணினிகளில் புழக்கத்துக்கு வரத் தொடங்கியது. தமிழ்நாட்டரசு ஒருங்குறியை முறைப்படி ஏற்றது 2010இல். இடைப்பட்ட காலத்தில் தட்டச்சிட்டவை எத்தனை வீடுகளில் இப்படி ஊமையாய்க் கிடந்தனவோ!

2006இல் கல்லூரி விடுமுறைக்கு வந்த என் சகோதரியின் மகன் அந்தக் கோப்பைப் பார்த்தான். “மாமா, இது செத்துப்போன கோப்பு இல்லை. நீங்கள்தான் வேறு கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிறீர்கள்” என்றான். அந்த மென்பொருள் பெரும்பாலும் பாமினி முறையைத் தழுவியது என்று அவன் கண்டுபிடித்தான். புலம்பெயர்ந்த ஈழத்தமிழரான சுரதா யாழ்வாணன் ஆக்கி, எவரும் விலையின்றிப் பயன்படுத்த இணையத்தில் வைத்திருந்த ‘பொங்குதமிழ்’ எழுத்துரு மாற்றியில் அந்தப் பொரிக் குவியலை இட்டான். ஒரு பொத்தானை அழுத்தியதும் ‘கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறுகிறது’ என்று அத்தா பேசினார். நான் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டேன். சிறிது நேரம் கழித்துத்தான் திரும்பி வர முடிந்தது.

அன்றுதான் இலவசங்களை நான் வகைப்படுத்திப் பார்க்கத் தொடங்கினேன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழிலோ ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு. இலவசத்தில் விலை மட்டும் இல்லை. கட்டற்றதில் படியெடுக்கவும் பிரித்துப் பார்க்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமை உண்டு. 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய இயக்கம் இரண்டாவதைப் பற்றியது. நெல் நாட்டுக்காரனுக்கு இதை விளக்குவது எளிது. ஒட்டு விதையில் விளைந்ததை மறுபடி விதைத்தால் அதே குணம் நிற்காது. பருவந்தோறும் கடைக்குத்தான் போக வேண்டும். நாட்டு விதையோ களத்திலிருந்தே அடுத்த நாற்றங்காலுக்குப் போகும். திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன், வந்த உழவர்களுக்கு இரண்டு கிலோ மரபு விதையைக் காசு வாங்காமல் கொடுத்தார். அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதே நிபந்தனை. அந்த விதை அடுத்தவர் கைக்குப் போகும். கட்டற்ற மென்பொருளின் ‘குனூ’ உரிமமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: “நீ திருத்தியதை வெளியிட்டால் அதே உரிமையோடு பிறருக்கும் கொடு.”

தமிழுக்கு இத்தகைய கொடையாளர் பலர் வாய்த்தனர். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை ஆக்கி இலவசமாக வழங்கினார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தலைவராகவும் இருந்து, தன்னார்வலர்களைக் கொண்டு பழந்தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கினார். ‘தமிழா’ குழுவினர் ‘எ-கலப்பை’ என்ற விசைப்பலகை மென்பொருளைத் தந்தனர். பேர் வைத்தவர் எவராயினும் காவிரிக்கரைக்காரனின் நெஞ்சறிந்து வைத்தார். உழுவதற்குக் கலப்பை கிடைத்தால் எழுதுவது உழவாகத்தானே ஆகும்! 2005 ஏப்ரலில் மத்திய அரசு சென்னையில் தமிழ் மென்பொருள் குறுந்தகட்டை வெளியிட்டது. எழுத்துருக்களும் அலுவலகச் செயலியும் அடங்கிய அந்தத் தகடு, கேட்டவர்களுக்கு அஞ்சலில் வந்தது. அதே ஆண்டுகளில் ‘உபுண்டு’ என்ற இயங்குதளத்தின் தகடுகளையும் கடல் கடந்து அஞ்சல் செலவுகூட வாங்காமல் அனுப்பினார்கள். 2011 வரை அது நடந்தது. எங்கள் தபால்காரர் அந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பாய், இதற்கு எதுவும் கட்ட வேண்டாமா?” என்று ஐயத்தோடு கேட்டார். அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. நான் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

கொடுப்பவர் நல்லவரா என்பது மட்டும் போதாது. கொடுத்த இடம் நிலைக்குமா என்றும் பார்க்க வேண்டும். ‘ஜியோசிட்டீஸ்’ என்ற தளம் உலகோர்க்கெல்லாம் இலவச மனை தந்தது. எண்ணற்றோர் அதில் தங்கள் பக்கங்களைக் கட்டிக் குடியேறினர். 2009 அக்டோபரில் உரிமையாளரான யாஹூ அமெரிக்கத் தளத்தை மூடிற்று. 1996இல் புரூஸ்டர் கேல் நிறுவிய இணைய ஆவணக் காப்பகமும் சில தன்னார்வலர்களும் ஓடி ஓடிப் படியெடுத்தமையால் ஒரு பகுதி பிழைத்தது, எஞ்சியது போயிற்று. பிறர் மனையில் கட்டிய வீடு, மனைக்காரர் மனம் மாறும் வரையில்தான்.

ஆகவே, கணினியில் எது தானமாக வந்தாலும் இப்போது நான் பல்லைப் பிடித்துப் பார்த்துவிடுகிறேன். தவணை முடிந்தால் நான் எழுதியது எனக்குத் திறக்குமா? வேறு மென்பொருள் அதைப் படிக்குமா? காசு வாங்காதவர் எதை வைத்துப் பிழைக்கிறார். என் பேரையும் முகவரியையும் பழக்கவழக்கங்களையும் விற்றா? பிறருக்கு இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டா? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகே கட்டுத்தறியில் இடம். விடை சரியில்லாத பொருளை வேடிக்கை பார்ப்பதில் தவறில்லை, அந்தக் காபிக் குடுவையைப் பார்த்தது போல. அதை நம்பி நம் முன்னோர் எழுத்தை ஒப்படைக்கக் கூடாது.

அத்தாவின் பேரேடு இப்போது ஒருங்குறியில் இருக்கிறது. மூன்று இடங்களில் படி வைத்திருக்கிறேன். தாளிலும் அச்சிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் ஒரு குறை நின்றுவிட்டது. அந்தத் தவணை மென்பொருள் ஜ, ஷ, ஹ முதலிய எழுத்துகளை மட்டும் தன் விருப்பம்போல் வேறிடங்களில் வைத்திருந்தது. மாற்றியபோது அவை வெறுங்கட்டங்களாயின. நம்மவர் பேர்களில் அந்த எழுத்துகள்தாமே மிகுதி! விதை நெல் கணக்கில் பல பேர்கள் கட்டங்களாய் நின்றன. ஊர்ப் பெரியவர்களைக் கேட்டும், தெருவைக் கொண்டு உய்த்தும் பெரும்பாலானவற்றை நிரப்பிவிட்டேன். மூலக் கோப்போடு ஒப்பிடலாம் என்று பின்னர் தேடியபோது, அந்தப் பழைய வட்டு உயிரை விட்டிருந்தது.

ஒரே ஒரு பேர் மட்டும் இன்னும் தெரியவில்லை. முதலெழுத்து கட்டம், நடுவெழுத்து கட்டம். அதற்கெதிரே ஆறு மரக்கால். மற்றவர்களுக்கு ‘விலை இல்லை’ என்று எழுதிய அத்தா, அவருக்கு மட்டும் ஒரு வரி கூட்டி எழுதியிருக்கிறார்: ‘திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லியாயிற்று.’ வாங்கியவர் யார் என்று எவரிடம் கேட்பது? தெரிந்தவர்கள் எல்லாரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.