சோனகத் தெருவுக்கு ஒருமுறை

யாழ்ப்பாணம் சென்றால் சோனகத் தெருவுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றிய இடம் அது. அம்மாதம் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 பேர் அகதிகளாயினர். பெரும்பாலோருக்குப் புத்தளம் அடைக்கலம் தந்தது.

2009இல் யுத்தம் ஓய்ந்தது. ஒஸ்மானியாக் கல்லூரி மீண்டும் இயங்குகிறது. எனினும் திரும்பி வந்து நிலைத்தோர் சிலரே. கூரையும் கிணறும் காணி உறுதியும் தொழிலும் இன்றி எப்படி மீள்வது? புத்தளத்திலேயே பிறந்து மணமுடித்த பிள்ளைகளும் இருக்கிறார்களே!

மக்காவைப் பிரிந்த நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரி 8இல் அங்கு வெற்றியுடன் நுழைந்து, மன்னித்தார்கள். பின்னர் மதீனாவுக்கே மீண்டார்கள். திரும்புவது உரிமை, தங்குவது விருப்பம். இரண்டையும் மதிப்பதே சமாதானம்.

தாய்மாரே, பிள்ளைகளுக்கு அந்தத் தெருவைச் சொல்லிக் கொடுங்கள். வெறுப்பைச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.