நிலைக்காத நீலம்

கோழிக்கு நீலநிறம் உண்டா என்று வினவினால் மாணவர்கள் நகைப்பர். உண்டு. ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியான ஆண்டலூசியாவின் பெயரைத் தாங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் செம்மை பெற்ற கோழியினம் அது. நீலம் என்றதும் மயிற்கழுத்தையோ குவளை மலரையோ எண்ணிவிடலாகாது. ஆசிரியர்கள் நன்கறிந்த சிலேட்டுப் பலகையின் நிறம். மழைக்கு முன் திரளும் முகிலின் நிறம் என்றாலும் தகும். இறகுதோறும் விளிம்பில் கருமை மெல்லிய கரையாய் ஓடும். சிவந்த கொண்டையும் வெண்ணிறக் காதுமடலும் அம்மேனிக்கு எடுப்பாய் அமைந்தவை.

இவ்வழகே அதனை வளர்த்தோருக்குத் தீராத தொல்லையாயிற்று. நீலச் சேவலையும் நீலப் பெட்டையையும் இணைத்தால், பொரிக்கும் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதியே நீலம். எஞ்சியவற்றில் சில கறுப்பு. சில, நீலத் துளிகள் தெறித்த வெள்ளை. இனத்தில் எங்கோ கலப்பு நேர்ந்துவிட்டது என்று வளர்த்தோர் கருதினர். கறுப்பையும் வெள்ளையையும் கழித்துவிட்டு, நீலத்தை நீலத்தோடு மட்டுமே சேர்த்தனர். அடுத்த தலைமுறையிலும் அதே கதை, அதற்கடுத்ததிலும் அதுவே. குஞ்சின் தூவியிலேயே நிறம் தெரிந்துவிடும். ஆதலால் வேண்டாதவை எனப்பட்ட பலவற்றின் வாழ்வு, பொரித்த சில நாட்களிலேயே முடிந்திருக்கும்.

பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து கிரிகோர் மெண்டல் 1866இல் வெளியிட்ட கட்டுரை, முப்பதாண்டுகளுக்கும் மேலாக உறங்கிக் கிடந்து 1900இல்தான் உலகின் கண்ணில் பட்டது. அதன் பின்னரே இப்புதிர் அவிழ்ந்தது. கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் பேட்சனும் அவருடன் பணியாற்றிய ரெஜினால்ட் பன்னெட்டும் மெண்டலின் விதியைக் கோழிகளிடத்தும் கண்டனர். நிறத்துக்குரிய கூறு ஒன்று தந்தையிடமிருந்தும் மற்றொன்று தாயிடமிருந்தும் வருகிறது. இரண்டும் கருமைக்குரியனவாயின் குஞ்சு கறுப்பு. இரண்டும் கருமையை வெளுக்கச் செய்வனவாயின் துளி தெறித்த வெள்ளை. வகைக்கு ஒன்றாய் வந்தால் நீலம். உண்மையில் அவ்விறகில் நீலச் சாயம் என்று எதுவுமே இல்லை. குறைந்துபோன கருமையே கண்ணுக்கு நீலமாய்த் தோன்றுகிறது.

ஆகவே, நீலம் கலப்பின் அடையாளம். அதற்குத் தூய வழித்தோன்றல் இருத்தலே இயலாது. நீலமும் நீலமும் கூடினால் சராசரியாக நான்கில் ஒன்று கறுப்பு, இரண்டு நீலம், ஒன்று வெள்ளை. கறுப்பும் வெள்ளையும் கூடினாலோ, பிறப்பவை அனைத்தும் நீலம்! எவற்றைக் குப்பையென்று கழித்தார்களோ, அவற்றிடத்தேதான் அவர்கள் தேடியது முழுமையாய் இருந்தது.

கண்ணெதிரே நடந்ததை ஏன் காணவில்லை? வளர்த்தோர் அறிவிலிகள் அல்லர். இறகின் நுட்பத்தை அவர்களைப் போல் அறிந்தவர் எவருமில்லை. ஆனால் கழித்தவற்றை யார் எண்ணி வைப்பர்? மேலும், ஓர் அடையில் பொரிக்கும் பத்துக் குஞ்சுகளில் இவ்விகிதம் தெளிவாய்த் தென்படுவதில்லை. ஐந்து கறுப்பு வந்தாலும் வியப்பில்லை. ஒன்றுகூட வராமலும் போகலாம். மெண்டல் ஆயிரக்கணக்கில் எண்ணினார். எண்ணியவற்றுள் வேண்டியது, வேண்டாதது என்று அவர் பிரித்ததில்லை.

விதி தெரிந்ததால் வளர்ப்போரின் பாடு தீர்ந்துவிடவில்லை. நிறத்தை உறுதியாய்ப் பெறலாம். இறகின் விளிம்பில் ஓடும் அந்தக் கருங்கரை வேறு கூறுகளைச் சார்ந்தது. அது சிதையாமல் அமையப் பல தலைமுறைத் தேர்வு வேண்டும். கறுப்புப் பெட்டையின் மேனியிலோ கரை இருப்பதே புலப்படாது. கருமைக்குள் கருமை எங்ஙனம் தெரியும்? அவள் எந்த நீலத்தின் மகள், எந்த நீலத்தின் உடன்பிறப்பு என்று குறிப்பேட்டைப் புரட்டித்தான் அவளைச் சேவலோடு விடவேண்டும். அவளிடம் என்ன மறைந்திருந்தது என்பது, அடுத்த ஆண்டு அவள் குஞ்சுகள் இறகு மாற்றும்போது தெரியவரும்.