காலி ஆசனம்

பல்லாவரத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு விசேஷ சௌகரியம் உண்டு. வீட்டுக் கடிகாரம் நின்றுவிட்டாலும் கவலையில்லை. தலைக்கு மேலே போகும் விமானத்தின் சப்தத்தைக் கொண்டே மணி இன்னதென்று சொல்லிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு சிறு சபை கூடுவது வழக்கம். மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானங்களைப் பார்ப்பதும், அவற்றைப் பற்றி வாதாடுவதுமே சபையின் காரியம். நடுவில் என் தாயார் சுண்டல் அனுப்புவாள். அதற்காக மட்டும் ஐந்து நிமிஷம் சமாதானம் நிலவும்.

சபையில் மூன்று கட்சிகள் உண்டு. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற என்ஜினீயர் முழுச் சேவைக் கட்சியைச் சேர்ந்தவர். "சாப்பாடு, பெட்டி, வேண்டியபோது தேதியை மாற்றிக்கொள்ளும் உரிமை, இவ்வளவும் சேர்ந்ததற்குத்தான் டிக்கெட் என்று பெயர். மற்றதெல்லாம் டவுன் பஸ், ஐயா!" என்பார். யாத்திரைக் கோஷ்டிகளை அழைத்துச் செல்லும் மாம்பலத்து நண்பர் சார்ட்டர் கட்சி. அடியேன் மலிவுக் கட்டணக் கட்சி. "வானத்தில் இரண்டே முக்கால் மணி நேரம் உட்காருவதற்கு உப்புமா எதற்கு?" என்பது எங்கள் கட்சியின் மூல மந்திரம்.

சார்ட்டர் என்பது ஒன்றும் பெரிய ரகசியமில்லை. கல்யாணத்துக்குப் பஸ் பேசுகிறோமல்லவா, அதே சங்கதிதான். ஐம்பது பேர் ஏறினாலும் சரி, ஐந்து பேர் ஏறினாலும் சரி, பஸ்காரருக்குப் பேசிய தொகையைக் கொடுத்தாக வேண்டும். 1950-ம் வருஷம் மே மாதத்தில் விளாடிமிர் ரெய்ட்ஸ் என்பவர் லண்டனுக்கு அருகிலுள்ள காட்விக்கிலிருந்து கார்ஸிகா தீவுக்கு இப்படி ஒரு டக்கோட்டா விமானத்தைப் பேசி அனுப்பினார். பிரயாணம், கூடார வாசம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 32 பவுன் 10 ஷில்லிங். ஆசிரியர்களையும் மாணவர்களையும்தான் ஏற்றலாம் என்று சர்க்கார் நிபந்தனை போட்டார்களாம். அப்படிப் பிறந்த ஏற்பாடு பின்னால் லட்சக்கணக்கான சாதாரண ஜனங்களை ஐரோப்பாவின் கடற்கரைகளுக்குக் கொண்டு போய்ச் சேர்த்தது.

மலிவுக் கட்சியின் ஸ்தல புராணம் இன்னும் ரஸமானது. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் 1971-ல் பறக்கத் தொடங்கிய ஸௌத்வெஸ்ட் கம்பெனியிடம் நாலே விமானங்கள் இருந்தன. மறு வருஷம் பண முடையால் அவற்றில் ஒன்றை விற்றுவிட்டார்கள். மீதி மூன்றைக் கொண்டு நாலு விமானத்தின் வேலையைச் செய்வதெப்படி? இறங்கிய விமானத்தைப் பத்தே நிமிஷத்தில் திரும்பக் கிளப்புவதென்று தீர்மானித்தார்கள். செய்தும் காட்டினார்கள். தரையில் நிற்கிற விமானம் தின்று கொழுக்கிற யானை; பறக்கிற விமானமே பால் கறக்கிற பசு என்னும் உண்மையை உலகம் அதிலிருந்து தெரிந்துகொண்டது. ஒரே ஜாதி விமானம், நெருக்கமான ஆசனங்கள், கேட்டதற்கெல்லாம் தனிக் காசு என்ற மற்ற சூத்திரங்களும் இதனுடன் சேர்ந்தன.

நம் தேசத்தில் இந்தக் காரியத்தைத் துணிந்து செய்தவர் ராணுவத்திலிருந்து வந்த காப்டன் கோபிநாத். ஹெலிகாப்டர்களை வாடகைக்கு விட்டுக் கொண்டிருந்த அவர், 2003-ல் ஏர் டெக்கான் விமானங்களைப் பறக்க விட்டார். சில ஆசனங்களை ஒரு ரூபாய்க்குக்கூட விற்றார். அவருடைய வரலாற்றைத் தழுவி எடுத்த 'சூரரைப் போற்று' என்னும் படத்தை 2020-ல் தமிழ் ஜனங்கள் பார்த்துக் கண் கலங்கினார்கள். அந்தக் கம்பெனி சில வருஷங்களிலேயே கை மாறி மறைந்தது. ஆனால் அது போட்ட பாதை மறையவில்லை. விமானம் என்பது அண்ணாந்து பார்ப்பதற்கு மட்டும் ஏற்பட்டதல்ல, ஏறிப் போவதற்கும் ஏற்பட்டது என்று எங்களைப் போன்ற குடும்பங்கள் அப்போதுதான் உணர்ந்தன.

இவ்வளவு பாண்டித்தியத்தையும் வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தை இனிச் சொல்ல வேண்டும்.

தில்லியில் இருக்கும் என் தமக்கைக்கு இருதயத்தில் ஆபரேஷன் செய்வதென்று ஏற்பாடாகியிருந்தது. குறித்த தேதி அக்டோபர் 20. தாயாருடன் 18-ந் தேதி போய்ச் சேருவதென்று இரண்டு மாதம் முன்னதாகவே டிக்கெட் வாங்கிவிட்டேன். இரண்டு பேருக்கும் சேர்த்து 9,000 ரூபாய். சபையில் அதைக் காட்டிப் பெருமையடித்துக் கொண்டபோது என்ஜினீயர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு, "தேதியை மாற்ற முடியாத டிக்கெட்டாக இருக்கிறதே! வைத்திய விஷயம். இன்னும் மூவாயிரம், நாலாயிரம் போட்டு வேறு டிக்கெட்டாக வாங்கியிருக்கக் கூடாதா?" என்றார். "அந்த நாலாயிரத்துக்கு உப்புமா வாங்கித் தருகிறேன், வாரும்!" என்றேன். சபை சிரித்தது.

அக்டோபர் 7-ந் தேதி இரவு தில்லியிலிருந்து டெலிபோன் வந்தது. தாமதிப்பது உசிதமல்லவென்று டாக்டர்கள் ஆபரேஷனை 10-ந் தேதிக்கு மாற்றிவிட்டார்கள். நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். மறுநாளைய விமானத்துக்கு இரண்டு டிக்கெட் 31,000 ரூபாய்! பழைய டிக்கெட்டுக்கு வரிப் பணம் மட்டும் திரும்ப வரும், மற்றது கங்கார்ப்பணம். ரெயிலில் போகலாமென்றால் 33 மணி நேரம், அதிலும் இடமில்லை.

அப்போது என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை இன்று எழுதுவதற்குக் கை கூசுகிறது. "அம்மா! அங்கே மாப்பிள்ளை இருக்கிறார், பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள். நாம்தான் 18-ந் தேதி போகிறோமே? ஆபரேஷனுக்கு அப்புறம் கூட இருப்பதுதானே முக்கியம்?" என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றிரவு அவள் அறையில் விளக்கு அணையவேயில்லை.

பொழுது விடிந்ததும் பூக்காரி வாசலுக்கு வந்தாள். அம்மா இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டா, பூக்காரி சாயங்காலம் ஆக ஆக விலையைக் குறைக்கிறாள். விற்காத பூ மறுநாள் உதவாது. பறந்து போன விமானத்தில் காலியாயிருந்த இடமும் அப்படித்தானே? அவன் மட்டும் ஏன் கடைசியில் விலையை ஏற்றுகிறான்?"

மொட்டை மாடியில் எத்தனையோ வருஷம் வாதாடிய எங்களில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. பதில் எனக்குத் தெரியும். ஆனால் சொல்ல நா எழவில்லை. கடைசி நேரத்தில் வருகிறவன் உல்லாசத்துக்கு வருகிறவனல்ல, போயே தீரவேண்டியவன். அவனுடைய அவசரத்துக்குத்தான் அந்த விலை.

அம்மாவே தொடர்ந்தாள்: "மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் அவள் என் முகத்தைப் பார்க்க வேண்டாமா?"

அதற்கு மேல் நான் கணக்குப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே கிளம்பினோம். அம்மா விமானத்தில் ஏறியது அதுதான் முதல் தடவை. விமானம் எழும்பியதும் ஜன்னல் வழியாகப் பார்த்து, "நம் மாடியில் வடாம் காய்கிறதே, எடுத்து வைக்கச் சொன்னாயோ?" என்று கேட்டாள். 10-ந் தேதி காலையில் அக்காள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனாள்; பகவான் புண்ணியத்தில் சௌக்கியமாகத் திரும்பினாள்.

18-ந் தேதியன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்தப் பழைய டிக்கெட்டின் ஞாபகம் வந்தது. அன்று நாங்கள் ஏறியிருக்க வேண்டிய இரண்டு ஆசனங்களும் எங்களில்லாமலே பறந்து போயிருக்கும். கம்பெனிக்கு அதனால் காலணா நஷ்டமில்லை. நஷ்டம் முழுவதும் என்னுடையது. அப்போதுதான் எங்கள் சபையின் மூன்று கட்சிகளுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு விளங்கிற்று. காலி ஆசனத்தின் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதே அது. சார்ட்டரில் விமானத்தைப் பேசியவர் தலையில். மலிவு டிக்கெட்டில் பிரயாணியின் தலையில். மாற்றக்கூடிய டிக்கெட்டில் கம்பெனியின் தலையில். கம்பெனி அதைச் சும்மா சுமப்பதில்லை. முன்னதாகவே நம்மிடம் கூலி வாங்கிக்கொள்கிறது. அவ்வளவுதான். விமானத்தின் பெயரிலும் உப்புமாவிலும் ஒன்றுமில்லை. முழுச் சேவைக் கம்பெனியும் மாற்ற முடியாத டிக்கெட் விற்கிறது. மலிவுக் கம்பெனியும் மாற்றக்கூடிய டிக்கெட் விற்கிறது.

இதனால் நான் கட்சி மாறிவிட்டதாக நேயர்கள் எண்ண வேண்டாம். மலிவு விமானம் வந்திராவிட்டால் 31,000 ரூபாய்க்குக்கூட எங்களைப் போன்றவர்களுக்கு அந்த வாசல் திறந்திராது. கல்யாணத்துக்கும் க்ஷேத்திராடனத்துக்கும் இன்றும் மலிவு டிக்கெட்தான் வாங்குகிறேன். ஆனால் வியாதி, பிரசவம், வயோதிகம் இவை நாம் குறித்த தேதிக்குக் கட்டுப்பட்டவையல்ல. அவற்றை உத்தேசித்து வாங்கும் டிக்கெட்டில் மட்டும், தேதி மாறினால் நஷ்டம் யாருக்கு என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன்.

சபை இன்னமும் ஞாயிறுதோறும் கூடுகிறது. என்ஜினீயரிடம் நடந்ததை ஒப்புக்கொண்டேன். அவர் ஜயித்த பெருமையைக் காட்டிக்கொள்ளவேயில்லை. "அம்மாவையும் மேலே வந்து உட்காரச் சொல்லுங்கள். இத்தனை நாள் சுண்டலை மட்டும் வரவழைத்துக் கொண்டிருந்தோமே!" என்றார்.