மலைநாட்டுக் கோவாவும் தகரப் பேணியும்

நானுஓயாவில் புகைவண்டியை விட்டிறங்கி நுவரெலியாவை நோக்கி நாம் ஏறியபோது, வழியெங்கும் மரக்கறித் தோட்டங்களே காட்சியளித்தன. மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, கோவா, லீக்ஸ், கரட், பீற்றூட் என்று பாத்தி பாத்தியாகப் பயிரிட்டிருந்தனர். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள இவ்வூரின் குளிரே இப்பயிர்களுக்கு உயிர். 1848 ஆம் ஆண்டில் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் இங்கு குடியேறிப் பண்ணை அமைத்தார் என்பது வரலாறு.

ஆயினும், ஒரு தோட்டத்தின் ஓரத்தில் நாம் கண்ட காட்சி மனத்தை வருத்தியது. முற்றி விளைந்த கோவாக்கள் குவியலாக அழுகிக் கிடந்தன. விலை சரிந்த வாரத்தில் அவற்றைக் கொழும்புக்கு அனுப்பினால் லொறிக் கூலிக்கும் கட்டாது என்றார் தோட்டக்காரர். மூன்று மாத உழைப்பு மண்ணாயிற்று! "சேர், மீனை அடைப்பதுபோல இதையும் பேணியில் அடைத்து வைத்தாலென்ன?" என்று எம்முடன் வந்த மாணவரொருவர் வினவினார். நியாயமான வினாவே.

உணவைக் கலத்திலடைத்துச் சூடாக்கிக் காக்கும் முறையை 1810 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர் பிரான்சு நாட்டு நிக்கொலா அப்பேர். ஆனால் எல்லா உணவும் அம்முறைக்கு இணங்குவதில்லை. புளிப்பு மிகுந்த பழங்களுக்குக் கொதிநீரே போதும். மரக்கறிகளிற் பெரும்பாலானவை புளிப்புக் குறைந்தவை, அவற்றின் பி.எச். பெறுமானம் 4.6 இற்கு மேற்பட்டது. மண்ணில் வாழும் குளொத்திரிடியம் பொற்றுலினம் என்னும் பற்றீரியாவின் வித்திகள் கொதிநீரிலும் மணிக்கணக்காக உயிர்தரிக்கும். பின்னர் காற்றற்ற பேணிக்குள் அவை முளைத்து, நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்தும் நஞ்சை உண்டாக்கும். நாற்றத்தாலோ சுவையாலோ அதனை அறிந்துவிட முடியாது. ஆதலால் அமுக்கக் கலனில் ஏறக்குறைய 121 பாகை செல்சியஸ் வெப்பம் ஊட்டுதல் வேண்டும். நுவரெலியாவிலோ, காற்றமுக்கம் குறைவாதலால் நீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். அடுக்களைப் பானையை நம்பி இங்கு பேணி அடைப்போர் இரட்டை ஆபத்தைத் தேடுவோராவர்.

கரட், பீற்றூட், போஞ்சி ஆகியன அவ்வெப்பத்தை ஒருவாறு தாங்கும். கோவாவும் பூக்கோவாவும் தாங்கா. அவற்றிலுள்ள கந்தகச் சேர்வைகள் நெடுநேரச் சூட்டிற் சிதைந்து கடுநாற்றம் வீசும், நிறம் மங்கும், தகரத்தின் உட்புறமும் கறுக்கும். நீரே உடலாயமைந்த சலாது இலையோ, கலச்சுவர் தளர்ந்து குழைந்துவிடும். மசித்த பூசணியின் குறை வேறு: அதன் தடிப்பினால் வெப்பம் நடுப்பகுதிக்கு எளிதிற் சென்று சேராது. ஆகவே வீட்டில் அதனை அடைத்தல் தகாது.

அப்படியாயின் கோவாவுக்கு விமோசனமே இல்லையா? உண்டு. ஜேர்மனியர் அதனை மெல்லியதாக அரிந்து, உப்பிட்டு அழுத்திப் புளிக்க வைப்பர். நன்மை தரும் பற்றீரியாக்கள் உண்டாக்கும் லற்றிக் அமிலமே அதற்குக் காவல். அவ்வாறு புளித்த கோவா பேணியிலும் கெடாது நிற்கும். ஊறுகாய்ச் சாடியை அறிந்த எமது தாய்மாருக்கு இந்நெறி அந்நியமானதன்று.

பேணி எல்லாவற்றுக்கும் பொதுமருந்தன்று. ஒவ்வொரு காயின் இயல்பையும் அறிந்து, அதற்கேற்ற காப்பு முறையைக் கிராமந்தோறும் கற்பிப்போமாயின், அம்மலைச்சரிவில் அழுகும் உழைப்பிற் சிறு பங்கையேனும் மீட்கலாம்.