சந்தா இல்லாத பெட்டி

கேபிளை நிறுத்தி இரண்டு மாதம். பரணில் ஆன்டெனா வைத்ததும் முப்பதுக்கு மேல் சேனல், காசில்லாமல். அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் 2009 ஜூன் 12-இல் முழுக்க டிஜிட்டலுக்கு மாறின. அதனால் படம் பளிச்சென்று இருக்கிறது.

அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறாள். மதியம் க்ரியேட் என்ற சேனலில் சமையல் பார்க்கிறாள். பேச்சு புரியாது, கை புரியும். "அந்தப் பையன் மாவை மடிச்சானே, அதைத் திரும்பப் போடேன்." போட முடியவில்லை. ரெக்கார்டர் தேடத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

ரெக்கார்டருக்கு மாதாமாதம் எதற்குக் கட்டுகிறோம்? ட்யூனர் நம் வீட்டில். ஹார்ட் டிஸ்க் நம் வீட்டில். கரண்டும் நம்முடையது. காசு போவது நிகழ்ச்சிப் பட்டியலுக்கு. எந்தச் சேனலில் எப்போது என்ன என்று இரண்டு வாரத்துக்கு முன்பே தெரிந்தால்தான், தொடரின் பெயரைச் சொல்லி எல்லாப் பகுதிகளையும் பிடிக்கலாம். நிலையங்களும் அலையோடு ஒரு பட்டியல் அனுப்புகின்றன. சிலவற்றில் அது 12 மணி நேரத்தோடு முடிந்துவிடும்.

1999-இல் டிவோ ரெக்கார்டர் வந்தபோது மாதம் 9.95 டாலர், அல்லது மொத்தமாக 199 டாலருக்கு ஆயுள் சந்தா. ஆயுள் என்பது பெட்டியின் ஆயுள். ஆயுள் சந்தா என்றால் எதன் ஆயுள் என்பதைக் கடையில் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

மாதம் 5 டாலர் அற்பமாகத் தெரியும். ஐந்து வருடத்தில் 300.

2014-இல் சேனல் மாஸ்டர் டிவிஆர் பிளஸ் என்ற ரெக்கார்டர் சுமார் 250 டாலர். பட்டியலுக்குத் தனிக் காசு இல்லை, டிஸ்க் மட்டும் நாம் வாங்க வேண்டும். அதே காலத்து டேப்லோ ரெக்கார்டரில் பட்டியலுக்கு மாதம் 5 டாலர். 2023-இல் வந்த நான்காம் தலைமுறை டேப்லோவில் அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள்: 100 டாலர், இரண்டு ட்யூனர், உள்ளேயே 128 ஜிபி. பட்டியல் செலவைப் பெட்டி விலையில் சேர்த்து ஒரே தடவையாக வாங்கிக்கொள்வதுதான் முறை என்று நினைக்கிறேன்.

முன்பு வைத்திருந்த ஒரு பெட்டி நினைவுக்கு வருகிறது. கம்பெனி சர்வரை மூடியது, பட்டியல் வெறுமையானது. பெட்டி நன்றாகத்தான் இருந்தது. உள்ளே மகளின் சின்ன வயது நிகழ்ச்சிகள். வெளியே எடுக்க வழியில்லை. இன்னும் ஆறவில்லை.

ஆகவே வாங்கும் முன் இரண்டு கேள்வி. இணையத்தைப் பிடுங்கினாலும் பதிவாகுமா? பதிவான கோப்பு வேறு கம்ப்யூட்டரில் திறக்குமா?

டிஸ்க்கில் இடக் கணக்கு: ஒரு அலைவரிசையின் முழுக் கொள்ளளவு நொடிக்கு 19.39 மெகாபிட், மணிக்கு 8.7 ஜிபி. துணைச் சேனல்கள் பங்குபோடுவதால் ஹெச்டி நிகழ்ச்சி மணிக்கு 6 ஜிபி அளவில் நிற்கும். ஒரு டிபி-யில் 160 மணி நேரம். போதும்.

ஒன்றைப் பதிவு செய்துகொண்டே இன்னொன்றைப் பார்க்க, ட்யூனர் இரண்டுக்குக் குறையக் கூடாது.

சட்டமும் இடம் தருகிறது: 1984-இல் சோனியின் பீட்டாமேக்ஸ் வீடியோ ரெக்கார்டர் வழக்கில், பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது பதிப்புரிமை மீறல் இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ஐந்துக்கு நான்கு, ஒரே ஒரு நீதிபதி வித்தியாசம். இப்போது அடுத்த தலைமுறை ஒளிபரப்பைப் பல நிலையங்கள் பூட்டுப் போட்டு அனுப்புகின்றன. காற்றில் இலவசமாக வருவதற்குப் பூட்டு எதற்கு? கோபம் வருகிறது.

கடைசியில் இப்போதைக்கு வாங்கியது ஒரு சாதாரண கன்வெர்ட்டர் பெட்டி, யுஎஸ்பி-யில் பதிவு செய்வது. ஒரே ட்யூனர்தான், நேரத்தைக் கையால் குறிக்க வேண்டும். இரண்டு ட்யூனர் பெட்டி அடுத்த மாதம்.

அம்மா அக்டோபரில் கிளம்புகிறாள். மாவு மடிக்கும் பகுதியைப் பென் டிரைவில் ஏற்றி லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். ஓடுகிறது.