வீட்டுப் பெயரில் ஒரு கோப்பை

குடகில் ஒவ்வொரு கோடையிலும் குடும்பங்கள் ஹாக்கி மட்டையோடு மோதுகின்றன. பாட்டியும் பேரனும் ஒரே அணியில் ஆடக்கூடிய இந்தத் திருவிழாவில் பெண்களுக்கான இடம் மெல்ல அகலமாகிறது.

மைசூரிலிருந்து ஹுன்சூர், குஷால்நகர் வழியாக மேற்கே சுமார் 120 கிலோமீட்டர் போனால் மடிக்கேரி. கேரளத்திலிருந்து வருகிறவர்களுக்கு இரிட்டியைத் தாண்டி மாக்கூட்டம் மலைப்பாதை. ஏறி முடித்தால் விராஜ்பேட்டை. ரயில் எட்டிப் பார்க்காத மாவட்டம் இது. தமிழர்களுக்குக் குடகு என்றால் காவிரி. ராணுவத்தினருக்கு கரியப்பாவும் திம்மையாவும் பிறந்த மண். விளையாட்டுப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவர்களுக்கோ ஹாக்கி.

காப்பிப் பழம் பறித்து, மிளகு காயவைத்து, பருவமழை இறங்குவதற்கு முன்பு இங்கே சில வாரங்கள் ஓய்வு கிடைக்கும். பங்குனியும் சித்திரையும் சேரும் காலம். பள்ளிகளுக்கு விடுமுறை, எல்லையில் இருக்கும் சிப்பாயும் பெங்களூரில் இருக்கும் பொறியாளரும் லீவு எழுதிப் போட்டுவிட்டு ஊர் திரும்புகிறார்கள். கொடவக் குடும்ப ஹாக்கிப் போட்டி இந்த நாட்களில்தான் நடக்கிறது.

கொடவர்களுக்கு வீட்டுப் பெயர்தான் முகவரி. 'ஒக்கா' என்று அழைக்கப்படும் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு மூதாதை, 'ஐன்மனை' என்ற ஒரு பூர்வீக வீடு, பெரியவராக ஒரு காரணவர். பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் வெளியேற, ஐன்மனைகள் பண்டிகைக்கு மட்டும் திறக்கும் வீடுகளாகத் தொடங்கின. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கொடவ மொழியைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 1.14 லட்சம் பேர்தான். இவ்வளவு சிறிய சமூகம் சிதறினால் என்ன மிஞ்சும் என்ற கவலை நியாயமானது.

அந்தக் கவலைக்கு பண்டண்ட குட்டப்பா கண்ட மருந்துதான் ஹாக்கி. வங்கி ஊழியரான அவர், 1997இல் விராஜ்பேட்டைக்கு அருகே உள்ள கரடா கிராமத்தில் குடும்பங்களுக்கு இடையே ஒரு போட்டி நடத்தினார். வந்தவை 60 குடும்ப அணிகள். விதி எளிமையானது: அணியில் ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒரே வீட்டுப் பெயருக்கு உரியவர்களாக இருக்க வேண்டும். காசு கொடுத்து வெளியாளை இறக்க முடியாது. இந்தியாவுக்காக ஆடியவரானாலும் இங்கே தன் சித்தப்பா மகனுக்குத்தான் பந்தைத் தள்ளியாக வேண்டும்.

நடத்தும் பொறுப்பு ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்குப் போகிறது. கோப்பைக்கும் அந்த ஆண்டு அந்தக் குடும்பத்தின் பெயர்தான். மைதானத்தைச் சமப்படுத்துவது, தற்காலிக கேலரி கட்டுவது, அட்டவணை போடுவது, வருகிறவர்களுக்குச் சோறு போடுவது எல்லாம் அந்த வீட்டார் தலையில். கல்யாண வேலையைப் பங்கு பிரித்துக்கொள்வதுபோலவே இதையும் பிரித்துக்கொள்கிறார்கள். ஆனால் இது ஒரு மாதம் நீளும் கல்யாணம். குடும்பத்தார் போடும் பணத்தோடு நன்கொடையும் அரசு உதவியும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும்.

கணக்கு சின்னதும் அல்ல. 2018இல் நாபோக்லுவில் நடந்த குல்லேட்டிர கோப்பைக்கு 300க்கும் மேற்பட்ட அணிகள் வந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் குடகின் மலைச்சரிவுகள் வீடுகளோடு பெயர்ந்து விழுந்தன. அடுத்து கொரோனா. நான்கு ஆண்டுகள் மைதானத்தில் புல் முளைத்தது. 2023இல் மீண்டும் தொடங்கிய விழா, 2024இல் குண்டியோலண்ட கோப்பைக்கு 360 அணிகளைத் திரட்டி, உலகின் மிகப் பெரிய ஹாக்கிப் போட்டி என்று கின்னஸ் சான்றிதழ் பெற்றது. 2025இல் மடிக்கேரியில் முத்தண்ட கோப்பைக்கு 396 அணிகள். தோற்றவர் வெளியேறும் முறையில் 396 அணிகள் என்றால் 395 ஆட்டங்கள். ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டுமானால் தினமும் பதின்மூன்றுக்குக் குறையாமல் நடத்த வேண்டும். செயற்கைப் புல்வெளி எல்லாம் கிடையாது, மண் தரைதான்.

இந்த விழாவின் மிக அழகான விதி பெண்களைப் பற்றியது. அணிப் பட்டியலில் வயது வரம்பில்லை, ஆண் பெண் வேறுபாடும் இல்லை. அப்பாவும் மகளும், அண்ணனும் தங்கையும் ஒரே அணியில் இறங்கலாம். கல்யாணமான பெண், பிறந்த வீட்டுக்கு ஆடுவதா புகுந்த வீட்டுக்கு ஆடுவதா என்பதை அவளே முடிவு செய்யலாம். தாலி ஏறியதும் பெண்ணின் 'இனிஷியல்' மாறிவிடும் ஊர்களிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது சாதாரண விஷயமாகத் தோன்றாது.

ஆனால் அழகான விதி மட்டும் ஆட்டக்காரியை உருவாக்கிவிடாது. முதல் சுற்றில் விழாக் கோலம். சுற்று ஏற ஏற ஆட்டம் கடுமையாகும். எதிரே ராணுவ அணிக்கும் ரயில்வேக்கும் ஆடும் இளைஞர்கள் நிற்கும்போது, வெற்றியை விரும்பும் குடும்பம் யாரை உட்காரவைக்கும் என்பதை ஊகிக்கக் கஷ்டப்பட வேண்டியதில்லை. குடகு இந்தியாவுக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட ஹாக்கி வீரர்களைத் தந்திருக்கிறது என்று பெருமையோடு சொல்வார்கள். எம்.பி. கணேஷ், பி.பி. கோவிந்தா, மாஸ்கோவில் தங்கம் வென்ற எம்.எம். சோமய்யா, கோல்கீப்பர் ஏ.பி. சுப்பையா... நாவில் முதலில் வருகிற பெயர்கள் எல்லாம் ஆண்களுடையவை.

பெண்கள் ஹாக்கியில் இந்தியாவின் கதையும் இப்படி விட்டு விட்டுத்தான் நகர்ந்திருக்கிறது. பெண்கள் ஹாக்கி முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்த 1980இல் இந்தியா நான்காவது இடம். 1982 டெல்லி ஆசியப் போட்டியில் தங்கம். 1980க்குப் பிறகு 36 ஆண்டுகள் ஒலிம்பிக் வாசலையே மிதிக்கவில்லை. இடையில் 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் தங்கம். அன்று கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் கேரளத்தின் ஹெலன் மேரி. 2021இல் டோக்கியோவில் மறுபடியும் நான்காவது இடம். 2024 பாரீஸுக்குத் தகுதி பெறவில்லை. அதே ஆண்டு ராஜ்கிரில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை. ஏற்றமும் இறக்கமுமாக ஒரு மலைப்பாதை.

இந்த வெற்றிகளுக்கு ஆள் தந்த இடங்களைப் பார்த்தால் ஒன்று புரியும். ஒடிசாவின் சுந்தர்கட்டிலும் ஜார்க்கண்டின் சிம்டேகாவிலும் கிராமத்துக்குக் கிராமம் போட்டி. ஜெயித்த அணிக்குப் பரிசு ஆடு. சலீமா டேட்டே அந்த சிம்டேகாவிலிருந்து வந்து இந்திய அணித் தலைவியானவர். ஹரியானாவின் ஷாபாதில் ஒரு பயிற்சியாளரின் பிடிவாதம் ராணி ராம்பாலைத் தந்தது. பெண்கள் ஆட, பெண்களுக்கென்றே ஆட்டங்கள் நிறைய நடந்த ஊர்கள் இவை. பந்தயம் கிடைக்காத கால் ஓடப் பழகுவதில்லை.

குடகு இதைக் கவனித்திருக்கிறது. குடும்பக் கோப்பையோடு சேர்த்து, பெண்களுக்கென்று தனியாக ஐவர் ஹாக்கியும் சமீப ஆண்டுகளில் நடத்தத் தொடங்கியிருக்கிறார்கள். ஐந்து பேர் என்பதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. பதினொரு பெண்களைத் திரட்ட முடியாத சிறிய குடும்பமும் அக்கா, தங்கை, நாத்தனார், மருமகள் என்று ஐந்து பேரைச் சேர்த்துவிடும். யாரும் யாருக்காகவும் பெஞ்சில் உட்கார வேண்டியதில்லை. பந்து எல்லார் மட்டைக்கும் வரும்.

இழப்பும் இல்லாமலில்லை. தனிப் போட்டி வந்துவிட்டதே என்று கலப்பு அணியில் பெண்ணுக்கு இடம் தர மறுக்கும் நாள் வந்தால், குட்டப்பா போட்ட அடித்தளமே ஆட்டம் காணும். ஐவர் ஆட்டத்தில் மின்னும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு அடுத்த கோடைவரை ஆட என்ன இருக்கிறது என்ற கேள்வியும் உண்டு. விளையாட்டு விடுதியில் ஒரு இடம், காலையில் பயிற்சி, பதினொருவர் அணியில் ஆண்டு முழுதும் ஆட்டம் - இவற்றைக் குடும்பங்கள் மட்டும் தந்துவிட முடியாது. 2025 ஜனவரியில் பெண்களுக்கான ஹாக்கி இந்தியா லீக் முதன்முறையாக நடந்தது. ஆட்டத்தை நம்பிப் பிழைக்கலாம் என்று ஒரு பெண் நினைத்துப் பார்க்க இப்போது வழி பிறந்திருக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் விழா முடிகிறபோது பொறுப்பு அடுத்த குடும்பத்தின் கைக்குப் போகிறது. மைதானத்தைச் சமப்படுத்தும் வேலை மறுபடி தொடங்கும். வீட்டுப் பெயர்ப் பட்டியலை எழுத உட்காரும் காரணவர், மகள்களின் பெயர்களை எத்தனாவது வரியில் எழுதுகிறார் என்பதில்தான் இருக்கிறது குடகின் அடுத்த கால் நூற்றாண்டு.